சஹனைத் தட்டிப் போட்ட சரி

பிள்ளை பராக்காட்டவும் ஒரு படிப்பா என்று கேட்டுச் சிரித்தவர்களை எல்லாம் நான் மனதில் வரிசையாக எழுதி வைத்திருந்தேன். முன்வீட்டு மாமி முதலாவது, என் சாச்சி இரண்டாவது. தான் ஆறு பிள்ளை வளர்த்ததற்கு யாரும் சேட்டிபிகேட் தரவில்லையே என்று கலியாண வீட்டில் எல்லோர் முன்னாலும் சொல்லிச் சிரித்தாள் சாச்சி. உயர்தரப் பரீட்சையை இரண்டாம் முறையும் கோட்டை விட்டுவிட்டு வீட்டில் இருந்த எனக்கு அது பொறுக்கவில்லை. புத்தளம் டவுனில் இருந்த பயிற்சி நிலையத்துக்கு பஸ்ஸில் போகும்போது, அபாயாவில் குத்தியிருந்த அடையாள அட்டையைப் பின்பக்கமாகத் திருப்பி விடுவேன். யாராவது கேட்டால் ஏதோ டிப்ளோமா என்பேன். குழந்தைப் பராமரிப்பு என்று வாய் திறந்து சொன்னதே இல்லை.

அதைத்தான் வெட்கம் என்று அப்போது நினைத்திருந்தேன். என்ன மண்டைக்கனம்! வெட்கம் என்றால் என்னவென்று எனக்குக் கற்றுத் தந்தவள் பதினான்கு மாதப் பிள்ளை ஒருத்தி. அவளுக்குக் காது கேட்கவில்லை. கேட்கிறது என்று நான் எழுதிக் கொடுத்தேன். அந்த ஒரு வரியால் அவளுக்கு ஏறத்தாழ ஒரு வருடம் போனது, அவளுடைய உம்மா செய்யாத குற்றத்துக்குப் பழி சுமந்தாள். எழுதும்போது எனக்குச் சந்தேகம் இருந்தது. அது தெரியாமல் நடந்த பிழை என்றால் இதை உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

பயிற்சி நிலையத்தில் எங்களுக்குப் படிப்பித்த மெடம் சிலாபம் பக்கத்து ஆள். தமிழும் சிங்களமும் கலந்து கதைப்பார். முதல் நாளே ஒரு கால் கழன்ற ரப்பர் பொம்மையைத் தந்து நெப்பி மாற்றச் சொன்னார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. பொம்மையின் தலையைத் தாங்காமல் தூக்கியவர்களை எல்லாம் மீண்டும் மீண்டும் தூக்க வைத்தார். என் கை கெட்டித்தனமான கை. போத்தல் அவிப்பது, பாலின் சூட்டை மணிக்கட்டில் சொட்டு விட்டுப் பார்ப்பது, தோளில் போட்டு ஏப்பம் எடுக்க வைப்பது, மல்லாக்கக் கிடத்தி நித்திரையாக்குவது எல்லாவற்றிலும் வகுப்பில் நான்தான் முதல் ஆள். மெடம் என்னைக் காட்டி மற்றவர்களுக்குச் சொல்வார். எனக்குத் தலைகால் தெரியாது.

எனக்கு வராதது ஒன்றே ஒன்றுதான். சும்மா இருந்து பார்ப்பது. ஒரு பிள்ளையை ஒரு மணித்தியாலம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், கண்டதை எழுத வேண்டும், நினைத்ததை எழுதக் கூடாது. சந்தோஷமாக இருந்தாள் என்று எழுதினால் மெடம் சிவப்பால் வெட்டுவார். சிரித்தாளா, கையைத் தட்டினாளா, அதை எழுது என்பார். எனக்கோ பத்து நிமிடத்தில் கொட்டாவி வந்துவிடும். வேலை செய்யப் போகிற எனக்கு வேடிக்கை பார்க்க ஏன் பயிற்சி என்று பக்கத்தில் இருந்தவளிடம் புறுபுறுப்பேன்.

காது கேட்கிறதா என்று பார்க்கும் முறையை மெடம் ஒரு முழுக் காலை எடுத்துக் காட்டித் தந்தார். ஒரு பிள்ளை, ஒரு அறை. ஃபேனை நிறுத்த வேண்டும். பிள்ளையின் முதுகுப் பக்கம் நிற்க வேண்டும், நிழல் முன்னால் விழக் கூடாது, நிலம் அதிரக் கூடாது. முதலில் சின்ன மணி, பிறகு கடதாசி கசக்கும் சத்தம், பிறகு மெல்லப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது. இன்னொரு பிள்ளை பக்கத்தில் இருக்கவே கூடாது என்று அவர் மேசையில் தட்டிச் சொன்னார். பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தே திரும்பிவிடுமாம். நான் அதைக் கொப்பியில் எழுதிச் சிவப்பு மையால் கீழே கோடும் போட்டேன். அந்தக் கொப்பி இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது.

கடைசி மூன்று மாதமும் செய்முறைப் பயிற்சி. என்னைத் தில்லையடியில் இருந்த ஒரு டே கெயாருக்குப் போட்டார்கள். எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம். கடை வரிசைக்குப் பின்னால் இரண்டு அறையும் ஒரு விறாந்தையும். அதை நடத்தியவரை எல்லோரும் ராத்தா என்போம். முழங்கால் வருத்தக்காரி, கதிரையை விட்டு எழும்பவே ஒரு பாட்டம் முனகுவார், ஆனால் பிள்ளை அழுதால் எங்களுக்கு முன்னால் ஓடி வந்து நிற்பார். உப்பளத்தில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள், கடைகளில் நிற்கும் பெண்களின் பிள்ளைகள், இரண்டு மூன்று டீச்சர்மாரின் பிள்ளைகள் அங்கே இருந்தன.

அங்கே பகல் சோறு சஹனில்தான். கலியாண வீட்டில் ஆறு பேர் சுற்றியிருந்து ஒன்றாகச் சாப்பிடுவோமே, அதே பெரிய வட்டத் தட்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிக் கோப்பை என்று பயிற்சிப் புத்தகத்தில் இருந்தது. ராத்தாவிடம் அதைச் சொன்னேன். தனிக் கோப்பை ஆஸ்பத்திரிக்குத்தான் சரி என்று ஒரே சொல்லில் வாயை அடைத்துவிட்டார். பருப்பும் முள் எடுத்த மீனும் சேர்த்துப் பிசைந்த சோற்றைச் சஹனில் பரப்பி, பாயில் வைத்து, கரண்டியால் விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டுவார். தவழுகிறதும் தத்துகிறதுமாக எல்லாம் வந்து சுற்றி இருக்கும். வீட்டில் வாயே திறக்காத பிள்ளைகூட எதிரே இருக்கிற பிள்ளையைப் பார்த்து அள்ளித் தின்னும். அதைப் பார்க்க எனக்கே ஆசையாக இருக்கும், பொய் சொல்லக் கூடாது.

அந்தப் பிள்ளை அங்கே வந்தபோது ஒரு வயது முடிந்திருந்தது. உம்மாவுக்குச் சொந்த இடம் கடற்கரைப் பக்கம் எங்கோ, வாழ்க்கைப்பட்டது எத்தாளைக்கு. புருஷன் கடலுக்குப் போகிறவர், கடல் இல்லாத நாளில் வெங்காயத் தோட்டம். அவளுக்கு உப்பளத்தில் வேலை கிடைத்ததால் விடிய முதல் பஸ்ஸில் பிள்ளையோடு வந்து எங்களிடம் விட்டுவிட்டுப் போவாள். உப்புப் பட்டு வெடித்த அவளுடைய குதிக்காலை நான் முதல் நாளே கண்டேன். என்னை விட ஏழெட்டு வயது மூத்தவள், என்றாலும் என்னை டீச்சர் என்று கூப்பிட்டாள். என் வாழ்க்கையில் என்னை டீச்சர் என்று கூப்பிட்ட முதல் ஆள் அவள்தான். அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது அடையாள அட்டையை நேராகத் திருப்பிக் குத்திக்கொண்டேன்.

நல்ல பிள்ளை, நல்ல பிள்ளை என்று நாங்கள் எல்லோரும் அவளை மெச்சுவோம். கதவு அடித்தால் திடுக்கிட மாட்டாள். பின்னால் லொறி ஹோன் அடித்தாலும் தன்பாட்டில் இருப்பாள். மற்றப் பிள்ளை வீரிட்டு அழுதாலும் இவள் சேர்ந்து அழ மாட்டாள். எங்களுக்கு அது பெரிய நிம்மதி. தூக்கினால் என் நாடியைப் பிடித்து முகத்தைத் தன் பக்கம் திருப்புவாள், வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். என்னில் அவ்வளவு விருப்பம் என்று நினைத்து நான் பூரித்தேன். கண்டதை எழுது, நினைத்ததை எழுதாதே என்று மெடம் படித்துப் படித்துச் சொன்னது இதற்குத்தான். கண்டது எல்லாம் என் கண் முன்னாலேயே இருந்தது.

என் வேலையைப் பரிசோதிக்க ஆள் வருகிறார்கள் என்று ஒரு நாள் முன்னதாகத்தான் தெரியும் என்று சொன்னால் அது பொய். இரண்டு வாரத்துக்கு முன்னமே தெரியும். என் பொறுப்பில் இருந்த ஐந்து பிள்ளைகளின் வளர்ச்சிப் படிவங்கள், ஒவ்வொன்றும் மூன்று பக்கம். நான் ஒன்றையும் தொடவில்லை. கடைசி நாள், எங்கள் பயிற்சிக் குழுவின் வட்ஸ்அப்பில் ஒருத்தி தன்னுடையதைப் படம் எடுத்துப் போட்டிருந்தாள். அதைப் பார்த்துப் பார்த்து என் பிள்ளைகளுக்கும் எழுதினேன். கட்டையை அடுக்குகிறாள், விரலால் பொருளைக் காட்டுகிறாள், கை தட்டுகிறாள். அதில் பாதி உண்மையாகவும் இருந்தது. காது பார்க்கும் பகுதி மட்டும் மிச்சம். மணியைத் தேடினேன், விளையாட்டுச் சாமான் பெட்டியில் காணவில்லை. பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தனி அறைக்குக் கொண்டுபோகச் சோம்பலும் அவசரமும் ஒன்றாக வந்தன. அந்த நேரம் ராத்தா சஹனைக் கொண்டுவந்து பாயில் வைத்தார். என் ஐந்து பிள்ளைகளும் ஒன்றாகச் சுற்றி இருந்தன.

இதிலேயே பார்த்தால் என்ன என்று தோன்றியது. ராத்தா வழமை போலக் கரண்டியால் இரண்டு தட்டுத் தட்டினார். நான் படிவத்தை மடியில் வைத்துப் பார்த்தேன். நான்கு தலைகள் உடனே ராத்தா பக்கம் திரும்பின. சரி, சரி, சரி, சரி. அந்தப் பிள்ளையின் கை சஹனின் விளிம்பில் இருந்தது. அவள் முதலில் குனிந்து தன் கையைப் பார்த்தாள். பிறகு எதிரே இருந்த பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பிள்ளை பார்த்த பக்கம் பிறகுதான் திரும்பினாள். ஒரு நொடிதான் பிந்தியிருக்கும். நான் அதைக் கண்டேன். பேனை கடதாசிக்கு மேலே நின்றது. அது நின்றது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, மறக்கக் கிடைத்தால் நல்லது. பிறகு சரி போட்டேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறாள் என்ற வரிக்கு நேரே ஆம் என்று வடிவான கையெழுத்தில் எழுதினேன். ராத்தா என்னை நம்பிக் கையொப்பம் வைத்து முத்திரையும் குத்தினார்.

படிவத்தின் பிரதி ஒன்று பெற்றோருக்குப் போகும். பின்னேரம் அவள் உம்மா வந்தபோது கொடுத்தேன். அவளுக்கு வாசிக்க நேரமில்லை, பஸ் போய்விடும். ஆனாலும் படியில் நின்று, சத்தத்தைக் குறைத்து, வெட்கப்பட்டுக்கொண்டு கேட்டாள்.

"டீச்சர், பள்ளிவாசல்ல பாங்கு சொல்லக்குள்ள மத்தப் புள்ளையள் எல்லாம் திரும்பிப் பாக்குது. இவ பாக்குறா இல்ல. இங்க நீங்க கூப்பிட்டா திரும்புறாவா?"

"ஓம், நல்லாத் திரும்புறா. எல்லாம் செக் பண்ணித்தான் எழுதியிரிக்கி."

அந்தப் பதிலைச் சொன்ன குரல் என்னுடையதல்ல, நான் டீச்சர் என்று நினைத்துக்கொண்ட ஒருத்தியின் குரல். அவள் நெஞ்சில் கை வைத்து அல்ஹம்துலில்லாஹ் என்றாள். வீட்டில் மாமி, புருஷனுடைய உம்மா, தன் மகனும் சுணங்கித்தான் கதைத்தான் என்று சொல்வதாகவும், தான்தான் சும்மா மனதைப் போட்டு உழப்பிக்கொண்டதாகவும் சொன்னாள். கடதாசியைச் சோறு கொண்டுவரும் பைக்குள் பத்திரமாக வைத்தாள். பிறகு ஒரு பிளாஸ்டிக் உறை வாங்கிப் போட்டாளாம். கிளினிக்கில் மிட்வைஃப் நோனா பிள்ளை கதைக்கிறாளா என்று விசாரித்தபோது அவள் இந்தத் தாளை எடுத்து நீட்டியிருக்கிறாள். முத்திரையைப் பார்த்துவிட்டு அவரும் அப்படியானால் நல்லது என்றிருக்கிறார். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிய வந்தது.

நான் பயிற்சியில் முதலாவதாக வந்தேன். ராத்தா என்னையே வேலைக்கு எடுத்துக்கொண்டார். சாச்சி இப்போது தன் பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் என்னிடம் கேட்கத் தொடங்கியிருந்தாள். அந்தப் பிள்ளை ஓடித் திரிந்தாள், சஹனில் மற்றவர்களை விட வேகமாகச் சாப்பிட்டாள், ஒரு சொல்லும் கதைக்கவில்லை. ஒன்றரை வயதில் அவளுக்குக் காது குத்தினார்கள். மூன்று வயதுக்குப் பிறகு குத்தலாம் என்று மாமி சொல்லியும் கேளாமல், தன் தங்கச்சியின் கலியாணத்துக்குத் தோடு போட்டுப் பார்க்கும் ஆசையில் உம்மா அவசரப்பட்டாளாம். ஒரு காது புண்ணாகிச் சீழ் கட்டியது. ஒவ்வொரு நாளும் இளஞ்சூட்டு உப்புத் தண்ணியால் துடைத்து, துவாரத்தில் ஈர்க்கு வைத்து, ஒரு மாதம் பாடுபட்டாள். டே கெயாரில் நானும்தான் துடைத்துவிட்டேன். அந்தக் காதையே கையில் பிடித்துக்கொண்டு இருந்தேன் என்று நினைக்கும்போது சீ என்று இருக்கிறது.

அவளுக்கு இரண்டு வயது முடிந்த மாதம். பகல் சாப்பாடு முடிந்து எல்லாப் பிள்ளைகளும் பாயில் நித்திரை. நான் சஹனைக் கழுவி எடுத்து வரும்போது சவர்க்காரக் கை வழுக்கி, சஹன் சீமெந்துத் தரையில் விழுந்தது. விழுந்து, விளிம்பில் நின்று, சுழன்று, கணகணவென்று அடித்து ஓய்ந்தது. மற்ற ஒன்பது பிள்ளைகளும் எழும்பிக் குழறின. ராத்தா அடுத்த அறையிலிருந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். மூலையில், என் காலிலிருந்து இரண்டு முழத் தூரத்தில், அவள் வாயைத் திறந்தபடி நித்திரையில் கிடந்தாள். கண் இமைகூட அசையவில்லை.

அன்றைக்குப் பின்னேரம் அவளை மட்டும் சாமான் அறைக்குத் தூக்கிப் போனேன். ஃபேனை நிறுத்தினேன். கட்டைகளைக் கொடுத்து உட்கார்த்தி, முதுகுப் பக்கம் நின்று மணி அடித்தேன். கடதாசி கசக்கினேன். பெயரைச் சொன்னேன், முதலில் மெல்ல, பிறகு கத்தி. கட்டைகளை அடுக்கிக்கொண்டே இருந்தாள். என் ஃபோனில் பாட்டுப் போட்டுக் காதுக்குப் பக்கத்தில் பிடித்தேன். கடைக்கண்ணில் வெளிச்சம் பட்டுத் திரும்பி, ஃபோனைப் பார்த்துச் சிரித்து, கையை நீட்டினாள். ஒரு பிள்ளை, ஒரு அறை, ஐந்து நிமிடம். பத்து மாதத்துக்கு முன்னால் செய்ய வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

அப்போதாவது ஓடிப்போய்ச் சொன்னேனா? இல்லை. பத்துப் பதினொரு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். காதில் அழுக்கு இருக்கும் என்றேன், தடிமன் என்றேன், எல்லாம் எனக்கு நானே. வேலை போய்விடும், சாச்சி சிரிப்பாள், மெடத்தின் முகத்தில் எப்படி முழிப்பது, இதுதான் உள்ளே ஓடியது. கடைசியில் ராத்தாவிடம் போய், பிள்ளையின் காதில் எனக்குக் கொஞ்சம் சந்தேகமாக இருக்கிறது என்று புதிதாகக் கண்டுபிடித்தவள் போல் சொன்னேன். சஹன் விழுந்ததைச் சொன்னேன். படிவத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. ராத்தா பதறிப்போய் அன்றைக்கே உம்மாவிடம் சொல்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கிருந்து கொழும்புக்கு அனுப்பினார்கள். இரண்டு காதும் கேட்காது என்று வந்தது.

அவள் உம்மா வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் இல்லாவிட்டால் இன்னும் எத்தனை காலம் தெரியாமல் இருந்திருக்கும், அல்லாஹ்தான் என் கண்ணில் காட்டினான் என்றாள். எத்தாளையிலிருந்து ஒரு பை சின்ன வெங்காயம் கொண்டுவந்து தந்தாள். வாங்கினேன். எங்கள் வீட்டில் அதை இரண்டு கிழமை சாப்பிட்டோம். என் உம்மா ஒவ்வொரு நாளும் வெங்காயத்தை உரித்துக்கொண்டே, என் மகளின் கெட்டித்தனம் என்று அடுத்த வீட்டுக்குக் கேட்கச் சொல்லிக்கொண்டிருந்தா.

நான் எழுதிய அந்த ஆம் இதோடு நிற்கவில்லை. கொழும்பில் டொக்டர் எப்போதிருந்து என்று கேட்டதற்கு, உம்மா உறையிலிருந்து தாளை எடுத்துக் காட்டியிருக்கிறாள். பதினான்கு மாதத்தில் கேட்டது என்று அதில் முத்திரையோடு இருக்கிறது. அப்படியானால் இடையில் என்ன நடந்தது, காய்ச்சலா, வலிப்பா, ஊசி மருந்தா என்று அவர் துருவித் துருவிக் கேட்டிருக்கிறார். ஒன்றும் இல்லை. இடையில் நடந்தது ஒன்றே ஒன்றுதான். காது குத்தினது. அதனால் காது போகாது என்று டொக்டர் சொன்னாராம், ஆனால் வீட்டில் யார் கேட்கிறார்கள்? நல்லாக் கேட்ட பிள்ளையின் காதைத் தோட்டு ஆசையில் கெடுத்துவிட்டாள் என்று மாமி ஊரெல்லாம் சொன்னா. புருஷன் சண்டை பிடிக்கவில்லை, கதைப்பதை நிறுத்திவிட்டார். இதை ராத்தா எனக்குச் சொன்னபோது நான் பால் போத்தல் கழுவிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு எல்லாப் போத்தலையும் இரண்டு முறை கழுவினேன்.

அடுத்த திங்கட்கிழமை பிள்ளை வந்தபோது காதில் தோடு இல்லை. கழற்றிவிட்டிருந்தாள். துவாரங்கள் வெறுமையாகக் கிடந்தன. பின்னேரம் கூட்டிப்போக வந்த உம்மா படியில் என் பக்கத்தில் உட்கார்ந்து உறையை எடுத்தாள். தாளை என் மடியில் விரித்து, திகதியில் விரலை வைத்தாள்.

"இந்தத் தேதியில கேட்டிரிக்கி. நீங்கதானே பாத்து எழுதின. அதுக்குப் பொறகு எண்டைக்கு டீச்சர் கேக்காமப் போச்சி? காது குத்தின அண்டைக்கா, புண் வந்த பொறகா? உங்களுக்கு ஞாபகம் இரிக்குமே. அந்த நாளச் சொல்லுங்க, எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

பிள்ளை விறாந்தைக்குக் கீழே மணலில் விரலால் கீறிக்கொண்டிருந்தாள். அழாதீங்க என்று சொல்லிவிட்டு எழும்பி உள்ளே போகலாம் என்று நினைத்தேன், உண்மையாகவே எழும்பினேன். அவள் என் அபாயாவைப் பிடித்து இழுக்கவில்லை, விரலைத் திகதியிலிருந்து எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் திரும்ப உட்கார்ந்தேன். அந்தத் தாள் பொய் என்றேன். தனியாக வைத்துப் பார்க்கவே இல்லை, மணி அடிக்கவே இல்லை, சஹனைத் தட்டும்போது பார்த்துச் சரி போட்டேன், அவள் மற்றப் பிள்ளையைப் பார்த்துப் பிந்தித் திரும்பினாள், அதைக் கண்டும் எழுதினேன் என்றேன். வட்ஸ்அப்பைப் பார்த்து எழுதியதையும் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. என்னை ஏசுவாள் என்று காத்திருந்தேன். ஏசினால் நல்லது என்றிருந்தது.

"அப்ப நான் காது குத்தினதால இல்லையா?" என்றாள்.

இல்லை என்றேன். அவள் அதையே திரும்பவும் கேட்டாள். மூன்றாம் முறையும் கேட்டாள். ஒவ்வொரு முறையும் இல்லை என்றேன். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள், பிள்ளை ஓடி வந்து அந்தத் துணியை இழுத்து முகத்தைத் தேடும் வரைக்கும் அழுதாள். அழுது முடித்து, தாளை மடித்து உறைக்குள் போட்டு என்னிடம் நீட்டினாள். இதை எத்தாளைக்கு வந்து, மாமிக்கும் புருஷனுக்கும் முன்னால், என் வாயால் சொல்ல வேண்டும் என்றாள். டீச்சர் என்று சொல்லவில்லை. அதன் பிறகு சொன்னதே இல்லை.

ராத்தாவிடம் அன்றைக்கே சொன்னேன். அவர் கதிரையில் இருந்து எழும்பாமல், தன்னுடைய கையொப்பமும் அதில் இருக்கிறதே என்று மட்டும் சொன்னார். வேலையை விட்டு நிறுத்தவில்லை. இன்றைக்கு அந்த டே கெயாரில் காது பார்ப்பது நான்தான், ஒரு பிள்ளை, ஒரு அறை. இப்போது அந்தப் பிள்ளை இரண்டு காதுக்குப் பின்னாலும் மெஷின் வைத்துக்கொண்டு, கொஞ்சம் சத்தமும் கொஞ்சம் கைச் சைகையுமாகக் கதைக்கப் பழகுகிறாள். ஒரு வருடம் முந்தியிருந்தால் எவ்வளவோ லேசாக இருந்திருக்கும் என்று அங்கே பழக்குகிறவர் அவள் உம்மாவிடம் சொன்னாராம். முந்தியிருக்கலாம்.

அவள் கேட்ட அந்தக் கிழமையே, வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்த நேரம் எத்தாளைக்குப் போனேன். பஸ் முழுக்க அந்த உறையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் கதிரை போட்டு, பிளேன்டீயும் வைத்தார்கள். கண்டுபிடித்த டீச்சர் வந்திருக்கிறா என்று மாமி முகம் மலர வரவேற்றா. பிள்ளையின் உம்மா கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். நான் தேநீரைத் தொடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். படியில் சொன்னதை விட இது கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் மாமியின் முகத்தில் இருந்த சிரிப்பு ஒவ்வொரு சொல்லுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. கடைசியில் அவ மருமகளைப் பார்த்தா. பிறகு என்னைப் பார்த்து, படிச்ச புள்ளையா நீ என்று கேட்டா. ஓம் மாமி என்றேன்.

பிள்ளையின் வாப்பாவை நான் அண்ணன் முறையில் நானா என்பேன். வலை இழுத்துத் தடித்த கையால் மகளை மடியில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்னை ஏசப் போகிறார் என்று நான் தயாரானேன். நிலத்திலிருந்து கண்ணை எடுக்காமல் அவர் கேட்டார்.

"இவ பொறந்த அண்டைக்கு நான்தான் வலது காதுல பாங்கு சொன்ன. மெல்லத்தான் சொன்ன, பச்சப் புள்ளையெண்டு. அது கேட்டிரிக்குமா இவக்கு?"

ஓம், கேட்டிரிக்கும் என்ற சொல் என் நாக்கு நுனியில் தயாராக நின்றது. எத்தனை சுலபமான சொல். அந்த மனிதருக்கு அதைக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்றுகூட நினைத்தேன். கதவு நிலையிலிருந்து அவள் உம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியா நானா," என்றேன். "எனக்குத் தெரியா."

அவர் இன்னும் ஏதாவது வரும் என்பது போல என்னை நிமிர்ந்து பார்த்தார். மடியில் இருந்த பிள்ளை இரண்டு கையாலும் அவர் நாடியைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். அவர் திரும்பினார்.